சர்க்கரை உள்ளவர் எடையைக் குறைத்தால் ஆயுள் குறையுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 58 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய், உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். அப்பாவோ, சர்க்கரை உள்ளவர்களில் ஒல்லியானவர்கள்தான் சீக்கிரம் இறக்கிறார்கள் என்ற ஆய்வுச் செய்தி ஒன்றைக் காட்டி, இருக்கிற உடம்பை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கூடுதல் எடை சர்க்கரை உள்ளவரின் ஆயுளைக் குறைக்கிறதா என்பது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் எடையை இப்போது இறக்கினால் ஆயுள் கூடுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரத்தின் பலம் ஒரே அளவில் இல்லை. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

அப்பா படித்தது கட்டுக்கதை இல்லை. 2012-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அப்படி ஒன்று வந்தது. ஐந்து நீண்டகால ஆய்வுகளிலிருந்து, 40 வயதைத் தாண்டிப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 2,625 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; உங்கள் அப்பாவுக்கு அது 31. நோய் தெரியவந்த நேரத்தில் இந்த எண் 25-க்குக் கீழே இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எட்டில் ஒருவர். 10,000 பேருக்கு ஓராண்டில் எத்தனை இறப்பு என்ற கணக்கில், அவர்களிடையே சுமார் 285, எடை கூடியவர்களிடையே சுமார் 152. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் கணக்கைச் சரிக்கட்டிய பிறகும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம் நின்றது. ஆனால் அதே ஆய்வில் செய்திகள் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு. வித்தியாசத்தின் பெரும்பங்கு இதயம், ரத்தக்குழாய் சாராத இறப்புகளில் இருந்தது. இதய இறப்புகளில் தெரிந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். சர்க்கரை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயமும் ரத்தக்குழாயும். அங்கே காப்பாற்றாத கொழுப்பு வேறு எதிலிருந்து காப்பாற்றியது என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் விளங்க ஆரம்பிக்கும்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் எடையோடு வருவது. கூடுதல் எடையே இல்லாத ஒருவருக்கு அது வந்தால், வேறு ஏதோ ஒன்று அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த வேறு காரணங்களை எண்ணிப் பாருங்கள். கணையம் பிறவியிலேயே இன்சுலினைக் குறைவாகச் சுரப்பதாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை மெதுவாக அழிக்கும் வகையாக இருக்கலாம். நடுவயதில் வரும் இதை இரண்டாம் வகை என்றே பலகாலம் நினைத்து மாத்திரை கொடுப்பது அடிக்கடி நடக்கிறது, ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால்தான் தெரியும். நாள்பட்ட கணைய அழற்சியாகவோ கணையப் புற்றாகவோ இருக்கலாம். இவை எடையைக் கரைத்துக்கொண்டே சர்க்கரையை ஏற்றும். புகைப்பழக்கம் எடையைக் குறைத்து வைக்கும், சர்க்கரை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும், உயிரையும் எடுக்கும். நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் நாள்பட்ட நோய்களில் இறப்புக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே எடை இறங்கத் தொடங்கிவிடும். இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த ஒல்லியானவர்கள் என்ற கூட்டம். அவர்கள் இறந்தது கொழுப்பு இல்லாததால் என்று சொல்ல முடியாது.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் நன்றாக இருந்தாலும் சேரலாம், விளையாட்டில் நன்றாக இருந்தாலும் சேரலாம் என்பது அதன் விதி. உள்ளே போய்ப் பார்த்தால், விளையாடத் தெரியாத பிள்ளைகள் எல்லோருமே நன்றாகப் படிப்பவர்களாக இருப்பார்கள். விளையாட்டு படிப்பைக் கெடுக்கிறது என்று அதைப் பார்த்து முடிவு கட்டினால் தவறு; அந்தத் தொடர்பை உண்டாக்கியது வாசலில் இருந்த விதி. சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியாக எடுத்து, அவர்களுக்குள் எடையையும் இறப்பையும் ஒப்பிடும்போது நடப்பதும் இதுதான். கொழுப்பு என்ற வழியாக வராதவர்கள் அதைவிட மோசமான வேறொரு வழியாக உள்ளே வந்தவர்கள். எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று மருத்துவர்கள் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள் என்பதும் உண்டு. நோய் சீக்கிரமே தெரிந்துவிடுவதால், அவர்கள் நோயோடு நீண்டநாள் வாழ்வதுபோலத் தோன்றும்.

இது வெறும் தர்க்கம் இல்லை, சோதித்துப் பார்த்ததுதான். 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், அமெரிக்கச் செவிலியர்களும் ஆண் மருத்துவத் துறையினருமாக, புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 11,427 பேரைச் சராசரியாகப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 3,083 பேர் இறந்தார்கள். நோய் வருவதற்குச் சற்று முன்பிருந்த எடையையே கணக்கில் எடுத்தார்கள். ஏற்கெனவே இதய நோயோ புற்றோ இருந்தவர்களை விலக்கிவிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது ஒல்லியான முனையிலும் குண்டான முனையிலும் இறப்பு கூடியிருந்தது. வாழ்நாளில் புகைக்கவே புகைக்காதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, எடை ஏற ஏற இறப்பும் ஏறியது. பி.எம்.ஐ. 22.5 முதல் 25 வரை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதல். 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். புகையை எடுத்ததும், ஒல்லியானவர்களே அதிகம் இறப்பதுபோலத் தெரிந்த முரணும் போய்விட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஆனாலும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் ஹல் நகரில் 10,568 நோயாளிகளைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த 2015 ஆய்வில், பி.எம்.ஐ. 25 முதல் 30 வரை இருந்தவர்களிடையேதான் இறப்பு மிகக் குறைவு. அதே ஆய்வில் எடை கூடியவர்கள் மாரடைப்புக்கும் இதயச் செயலிழப்புக்கும் அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை தீங்கில்லையா, நோய்வாய்ப்படும் காலத்தில் அது ஓர் இருப்பாகக்கூட உதவுமா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் கருத்து ஒன்றவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: 30-ஐத் தாண்டிய பி.எம்.ஐ., அறுபதுக்குக் கீழான வயது, இரண்டும் சேர்ந்த உங்கள் அப்பாவின் நிலை அந்தச் சந்தேக எல்லைக்குள் வரவில்லை.

கொழுப்பு எப்படி ஆயுளைக் குறைக்கிறது என்பதற்கு வருகிறேன். சுமார் ஒன்பது லட்சம் பேரின் தரவைத் தொகுத்த 2009 ஆய்வு, பி.எம்.ஐ. 25-க்கு மேல் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுவதையும், 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு ஆயுள் 2 முதல் 4 ஆண்டு குறைவதையும் காட்டியது. அது பொதுமக்களுக்கான கணக்கு. 50 வயதில் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், அது இல்லாதவரைவிடச் சராசரியாக 6 ஆண்டு முன்னதாக இறக்கிறார் என்பது 2011-இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பின் முடிவு. இவ்விரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது, ஏனென்றால் எடை செய்யும் கேட்டில் ஒரு பகுதி சர்க்கரை வழியாகவே நடக்கிறது. சர்க்கரையைத் தாண்டியும் எடை நேரடியாகச் செய்வது நிறைய. ரத்தத்தின் மொத்த அளவு கூடி, இதயத்தின் சுவர் தடித்து விறைக்கிறது. சுருங்குவதில் குறையில்லாமல் விரிவதில் மட்டும் குறையுள்ள இதயச் செயலிழப்பு பருமனும் சர்க்கரையும் சேர்ந்த உடலில்தான் அதிகம் வருகிறது. மூச்சிரைப்பை எடைதான் காரணம் என்று தள்ளிவிடுவதால் அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. கழுத்துக் கொழுப்பு தூக்கத்தில் மூச்சை அடைத்து, இரவெல்லாம் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சிறுநீரக வடிகட்டிகள் அளவுக்கு மீறி வேலை செய்து தேய்கின்றன. கல்லீரல் கொழுப்பு சிலருக்கு ஈரல் சுருக்கமாக முற்றுகிறது. கருப்பை, குடல், கல்லீரல், கணையப் புற்றுகளின் வாய்ப்பு கூடுகிறது.

இதில் முக்கியம் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பது. தொடையிலும் இடுப்பின் பக்கங்களிலும் தோலுக்கடியில் இருப்பது ஒப்பீட்டளவில் சாது. அந்தக் கிடங்கு நிரம்பி, கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் குடலைச் சுற்றியும் வழியும் கொழுப்புதான் தொல்லை. ஒவ்வொருவரின் கிடங்கும் வெவ்வேறு அளவு. அதனால்தான் 100 கிலோவில் சர்க்கரை வராதவரும் இருக்கிறார், 65 கிலோவில் வந்தவரும் இருக்கிறார். தெற்காசிய மரபினருக்கு இந்தக் கிடங்கு சீக்கிரமே நிரம்புகிறது. அவர்களைப் போன்ற ஆசிய மக்களுக்குப் பி.எம்.ஐ. 23-லேயே எச்சரிக்கையும் 27.5-லேயே அதிக ஆபத்தும் தொடங்குவதாக 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஆகவே எடை எந்திரத்தோடு அளவு நாடாவையும் எடுங்கள். பலர் பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கிறார்கள். தொப்பை உள்ளவருக்குப் பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும், அளவு பொய்யாகக் குறையும். பாதங்களைச் சற்று அகற்றி நிற்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைக் குறியுங்கள். உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது, அப்பாவுக்கு அது 84 செ.மீ. உயரத்தின் 0.6 பங்கை, அதாவது சுமார் 101 செ.மீ.யைத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

இப்போது இரண்டாவது கேள்வி, குறைத்தால் ஆயுள் கூடுமா. இங்கேதான் ஆதாரம் ஒரு சீராக இல்லை. எடை கூடிய 5,145 சர்க்கரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்த ‘லுக் அஹெட்’ என்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. முதல் ஆண்டில் தீவிரப் பிரிவு 8.6 சதவீத எடையை இழந்தது. சுமார் பத்தாண்டு முடிவில் 6 சதவீதம் நின்றது, மற்றப் பிரிவிலும் 3.5 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றில் நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை. எடைக் குறைப்பை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன்: கடைசியில் இரு பிரிவுக்கும் இடையே நின்ற வித்தியாசம் இரண்டரை சதவீத எடைதான். அவ்வளவு சின்ன வித்தியாசத்திலிருந்து உயிர்க் கணக்கை எதிர்பார்க்க முடியாது. முதலாண்டில் 10 சதவீதமோ மேலோ இழந்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பின்னால் செய்த அலசல் சொல்கிறது. ஆனால் அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்கள் வேறு விதங்களிலும் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் அதை உறுதியான சான்றாக நான் வைக்க மாட்டேன். பெரிய அளவில், நிலையாக எடை இறங்குவது எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையில். 2021-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சர்க்கரை நோயோடு அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஆயுள் செய்துகொள்ளாதவர்களைவிடச் சராசரியாக 9.3 ஆண்டு அதிகம். அறுவைக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் சாய்வு இருக்கும், ஆனாலும் முழு வித்தியாசத்தையும் அந்தச் சாய்வின் மேல் போட்டுவிட முடியாது.

சர்க்கரை நோய் மருந்துகளில் லிராகுளுடைடு, எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் இதய ஆபத்து மிகுந்த நோயாளிகளிடையே மொத்த இறப்பைக் குறைத்தன. எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் 8.3 சதவீதமாக இருந்த இறப்பு 5.7 ஆனது. ஆனால் அந்தப் பலன் சில மாதங்களிலேயே தெரிந்தது, குறைந்த எடை சுமார் 2 கிலோதான். ஆகவே அதை எடைக் குறைப்பின் கணக்கில் எழுதக் கூடாது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் அந்த மருந்து நேரடியாக ஏதோ செய்கிறது.

ஆயுளை விட்டுவிட்டு நோயை மட்டும் பார்த்தால் ஆதாரம் மிகத் தெளிவு. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரியில் வைத்ததில், ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே ரத்தச் சர்க்கரை, நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. 15 கிலோவும் அதற்கு மேலும் இழந்தவர்களில் 86 சதவீதம். ஆனால் அதில் சேர்த்துக்கொண்டது நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை. அப்பாவுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் நோயே மறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மருந்தும் ரத்த அழுத்தமும் குறைய நல்ல வாய்ப்பு உண்டு. 88 கிலோவில் 5 சதவீதம் என்பது 4.4 கிலோ, சர்க்கரை அளவில் மாற்றம் தெரிய இதுவே போதும். 10 சதவீதம் 8.8 கிலோ, இதைத்தான் முதல் இலக்காக வைப்பேன், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்.

எதை இழக்கிறோம் என்பதில்தான் அப்பாவின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. பட்டினி கிடந்து குறைத்தால், இழக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசையாகப் போகும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்ளே இழுப்பது தசை. அது போனால் சர்க்கரைக்கு இடமில்லை, காலுக்கும் பலமில்லை. வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு மூன்று நாள் பளுவோ ரப்பர் பட்டையோ வைத்துத் தசைக்கு வேலை கொடுப்பதும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் போகட்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் 0.8 கிராம் அளவில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டிலேயே பார்க்க எளிய வழி ஒன்று: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், நேரத்தைக் குறியுங்கள். மாதம் ஒருமுறை செய்யுங்கள். எடை குறையும்போது இந்த நேரம் நீண்டுகொண்டே போனால் தசை கரைகிறது என்று பொருள், 15 நொடியைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய பலவீனம்.

அப்பா என்ன மருந்து எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எடைக் குறைப்பில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. கிளிமெப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டைக் குறைத்த முதல் நாளிலிருந்தே சர்க்கரை தாழ வாய்ப்பு உண்டு. கல்லீரல் கொழுப்பு ஒரே வாரத்தில் கணிசமாக வடியும், காலைச் சர்க்கரையும் அதோடு இறங்கும். மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். வியர்வை, கைநடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சோதித்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். இந்த மருந்துகளின் அளவைத் திட்டம் தொடங்குமுன்பே மருத்துவர் குறைக்க வேண்டும், மயக்கம் வந்தபின் இல்லை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர் மாவுச்சத்தை அறவே நிறுத்தினால், சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையும் சில வாரங்களில் அதிகப்படியாகி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். பலநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை சிலருக்கு மோசமாகும், ஆகவே கண் பரிசோதனை முன்பே முடிந்திருக்கட்டும். மிக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உண்டாவதும் உண்டு.

எடை மட்டுமே எல்லாம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். டென்மார்க்கில் 160 பேரிடம் நடந்த ‘ஸ்டெனோ-2’ ஆய்வில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியதில், 21 ஆண்டு முடிவில் தீவிரச் சிகிச்சைப் பிரிவினர் மற்றவர்களைவிட 7.9 ஆண்டு நீண்டு வாழ்ந்தார்கள். எடையில் அங்கே பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. அப்பா புகைப்பவராக இருந்தால் முதலில் போக வேண்டியது அதுதான், எடை அடுத்தது.

அப்பாவுக்கு எவ்வளவு மருந்து, எந்த வேகம் என்பதை அவர் சிறுநீரக அளவையும் கண்ணையும் இதயத்தையும் பார்க்காமல் நான் எழுத்தில் சொல்ல முடியாது. அதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் போகுமுன் கடந்த ஓராண்டின் எடைக் குறிப்புகளைத் தேடி எடுத்து வையுங்கள். முயற்சி ஏதும் செய்யாமலே அப்பாவின் எடை ஏற்கெனவே 4, 5 கிலோ இறங்கியிருந்தால், உணவுத் திட்டத்தை அன்றைக்குத் தொடங்காதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டை மீறியிருக்கிறதா, கணையத்திலோ வேறெங்கோ கோளாறு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. அப்பா காட்டிய ஆய்வில் ஒல்லியானவர்களாகக் கணக்கில் வந்து இறந்தவர்களில் சிலர் இப்படி முயற்சி செய்யாமலே எடை இறங்கியவர்களாக இருந்திருக்கலாம்.